நெண்டாக் இடப்பக்கம் கூவிய நாள்

சிபு, மர ஆலை விடுதி
18 மே 1970

ரெமி அக்காவுக்கு,

நேற்று நம் ஊர் ஜாரிட் ஆலை வாசலில் வந்து நின்றான். "மெங்கான் போயிட்டாடா. பையன் பொழச்சிருக்கான். புதைச்சு ஆறு நாள் ஆச்சு" என்றான். மரத்தூள் அப்பிய கையோடு நான் நிற்கிறேன், அவன் கப்பிட் லாஞ்சுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிவிட்டான். என் பெண்டாட்டி செத்த சேதி எனக்கு வந்த விதம் இது.

பாதியைத்தான் சொன்னான், மீதியை நானே கூட்டிக்கொண்டேன். குழந்தை பிறந்தது, நஞ்சுக்கொடி இறங்கவில்லை. படகில் ஏற்றினீர்கள். வளைவு வரைக்கும் போய், சகுனப் பறவை கூவியது என்று திருப்பிக்கொண்டு வந்து, மூன்று நாள் பாயில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ரத்தம் போகிறது, காய்ச்சல் கொதிக்கிறது, நீங்கள் எல்லோரும் நாள் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். கப்பிட்டில் ஆஸ்பத்திரி இருக்கிறது அக்கா. ஒரு பகல் துடுப்புப் போட்டால் வந்துவிடும்.

என் மாமனாருக்கு எழுத்து தெரியாது. அதனால் அடுத்த வரியை அவர் முன்னால் உட்கார்ந்து சத்தமாகப் படி. பெலயோங் மாமா, நாப்பது வருசமா பறவைச் சகுனம் கேட்டீங்க, ஊரே உங்க வாயைப் பாத்துச்சு. உங்க மகளை உங்க காதுதான் கொன்னுச்சு.

ஒரு வார்த்தை விடாமல் படி. நீ மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலு வகுப்பு படித்தது இதற்காவது உதவட்டும்.

ஆலையில் பெரிய ஆர்டர் ஓடுகிறது, இப்போது வர முடியாது. பையனைப் பார்த்துக்கொள். ஒன்று கேட்க வேண்டும். போன வருஷத்து வயல் குடிசைப் பக்கம் யாராவது போனீர்களா? சும்மாதான் கேட்கிறேன்.

ஜெலியான்


நங்கா லெமாய், மேல் பாலே ஆறு
3 ஜூன் 1970

ஜெலியானுக்கு,

படித்தேன். நீ சொன்னபடி முன்னால் உட்கார்ந்து, சத்தமாகத்தான் படித்தேன். நீள்வீட்டுப் பொதுக் கூடத்தில் பத்துப் பேர் இருந்தார்கள். இப்போது நிம்மதியா உனக்கு?

ஆர்டராம் ஆர்டர்! பெண்டாட்டி மண்ணுக்குள் போய் மூன்று வாரம் ஆகிறது, பிள்ளை முகத்தைப் பார்க்க வரவில்லை, கடிதத்தில் சவால் விடுகிறாய். நடந்ததை நான் சொல்கிறேன், கேள். ஜாரிட் அரைகுறை.

ஆறாம் தேதி விடியும்போது பிள்ளை பிறந்தான். நல்ல கனம். எண்டியாவுக்குப் பால் இருந்ததால் அவளிடம் கொடுத்தோம். கொடி இறங்கவில்லை. மருத்துவச்சி வயிற்றை நீவினாள், முடி நுனியை வாயில் விட்டுக் குமட்ட வைத்துப் பார்த்தாள். வெயில் ஏறியதும் பெலயோங் மாமாவே எழுந்து, "இனிமே இங்க வச்சிருக்கக் கூடாது, கப்பிட்டுக்குக் கொண்டு போலாம்" என்றார். அவர்தான் சொன்னார், அதை மறக்காதே. ஜாரிட், லகாட், லகாட்டின் அண்ணன் மூவரும் துடுப்பு. மாமா முன்னால். நான் மெங்கான் தலையை மடியில் வைத்திருந்தேன். தூக்கும்போதுகூட அவள், "நான் என்ன நெல்லு மூட்டையா, மெதுவாடா" என்று லகாட்டைத் திட்டினாள். எல்லோரும் சிரித்தோம். அவளும் முனகிக்கொண்டே சிரித்தாள்.

வளைவு தாண்டவில்லை, இடக்கரையிலிருந்து நெண்டாக் கூவியது. ஒரு தரம் இல்லை, மூன்று நான்கு தரம், விடாமல். மாமா துடுப்பைத் தூக்கினார். லகாட், "தாத்தா, அது எப்பவும் கத்துறதுதானே, போயிரலாமே" என்றான். மாமா திரும்பி ஒரு பார்வை பார்த்தார், அவனும் துடுப்பைத் தூக்கிவிட்டான். நெண்டாக் கோபக்காரப் பறவை இல்லை, அது குளிர்ந்த பறவை. இடப்பக்கம் கூவினால் "பொறு" என்று அர்த்தம், மூன்று நாள் பொறுக்க வேண்டும்; வலப்பக்கம் என்றால் போகலாம். இதெல்லாம் நீயும் தெரிந்து வளர்ந்தவன்தான். படகு திரும்பியது. ஒன்பதாம் தேதி மத்தியானம் மெங்கான் போய்விட்டாள்.

உன் கடிதத்தைக் கேட்டுவிட்டு மாமா பாக்குக் கூடையை மூடி வைத்தார். அப்புறம் சொன்னார். "அவன் வயித்தெரிச்சல்ல பேசுறான், பேசட்டும். அவ நாள் முடிஞ்சுபோச்சு. அன்னிக்குப் போயிருந்தா ஆத்துல மத்த அஞ்சு பேரும் போயிருப்போம். பறவை அஞ்சு உசுரைக் காப்பாத்திக் குடுத்துச்சு." மகளைப் புதைத்தவர் அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடுகிறார். அதையும் பிடுங்கப் பார்க்காதே.

நெண்டாக் விடியலிலும் வெயில் சாயும்போதும்தான் பாடும். அன்றைக்கு நல்ல வெயில். அது மட்டும் எனக்கு உறுத்துகிறது.

குடிசையைப் பற்றி எதற்குக் கேட்கிறாய்?

ரெமி


சிபு
21 ஜூன் 1970

அக்காவுக்கு,

அஞ்சு உயிராம்! கேட்டதும் சிரிப்பு வந்தது, அப்புறம் கழிவறைக்குப் போய் அழுதேன். எழுதுவதற்கு வெட்கமில்லை.

நெண்டாக் எப்படிப்பட்ட பறவை என்று எனக்குப் பாடம் எடுக்காதே. எங்கள் ஆலை முதலாளி தௌக்கே வீட்டு வாசலில் கூண்டில் ஒன்று தொங்குகிறது, தினம் பார்க்கிறேன். தலையும் முதுகும் எண்ணெய் தடவிய கறுப்பு, வயிறு செம்மண் நிறம், வாலுக்கு மேலே இடுப்பில் வெள்ளை. வால் உடம்பைவிட நீளம், உட்கார்ந்த இடத்தில் அதைச் சுண்டிச் சுண்டித் தூக்கும். வெட்டுக்கிளி தின்னும், எறும்பு முட்டை தின்னும், தொட்டியில் முங்கிக் குளிக்கும், தின்றதைக் கழியும். தௌக்கே இருமினால் அதே மாதிரி இருமிக் காட்டும். பக்கத்து வீட்டுக் கதவு கிறீச்சிட்டால் அதையும் பாட்டில் சேர்த்துக்கொள்ளும். கடவுளின் மருமகன் என்கிறீர்களே, அந்த மருமகன் இங்கே தௌக்கே கையிலிருந்து புழு வாங்கித் தின்கிறான்.

நல்ல வெயிலில் அது கத்தினால் பசி என்று அர்த்தம். தீனி போடுகிற ஆள் கண்ணில் பட்டால் கத்தும். அவ்வளவுதான். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

அக்கா, ஒரு வேலை செய். போன வருஷக் குடிசைக்கு நீ மட்டும் தனியாகப் போ. பரணில் ஏதாவது இருந்தால் எடுத்து ஆற்றில் போட்டுவிடு. யாரிடமும் சொல்லாதே. ஏன் என்று கேட்காதே.

மாமாவிடம் நான் சொன்னது சொன்னதுதான்.

ஜெலியான்


நங்கா லெமாய்
6 ஜூலை 1970

ஜெலியான்,

போனேன். போடச் சொன்னதை ஆற்றில் போடவில்லை.

பரணில் பாய் போர்த்திய பிரம்புக் கூண்டு. முடிச்சைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, நம் அப்பா போடும் முடிச்சு, நீயும் நானும்தான் அதைப் போடுவோம். உள்ளே பறவை காய்ந்து கிடந்தது. எறும்பு தின்றது போக வால் மட்டும் பழுதில்லாமல் இருந்தது, ஓரத்து வெள்ளை இறகுகள்கூட அப்படியே. தண்ணீர்ச் சிரட்டை வற்றிப் போயிருந்தது. பக்கத்தில் மெங்கானின் பழைய துணி, வெட்டுக்கிளி பிடித்துப் போடுகிற மூங்கில் குழாய்.

பாவி! பெண்டாட்டி வயிற்றில் பிள்ளையோடு இருக்கும்போது புருஷன் ஒன்றையும் கட்டக் கூடாது, எதையும் அடைக்கக் கூடாது. ஆணிகூட அடிக்க மாட்டார்கள். சாமான் மூட்டையைக் கட்டினாலே இறங்க வேண்டியது இறங்காது என்று பக்கத்து அறைக்காரர்கள் வந்து அவிழ்த்துவிட்டுப் போவார்கள். நீ உயிருள்ள ஒன்றைக் கூண்டில் அடைத்திருக்கிறாய். அதுவும் நெண்டாக்கை. அதுவும் பறவை கேட்கிறவர் மகளைக் கட்டிக்கொண்டு. அடைத்து, அதற்குத் தீனி போடும் வேலையை வயிற்றுப்பிள்ளைக்காரியிடமே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய். அங்கே உட்கார்ந்துகொண்டு மாமாவின் காதைப் பழிக்கிறாய்!

இதை எழுதி நாலு நாளாகக் கடிதத்தை மடித்தே வைத்திருந்தேன். மேலே எழுதியது முழு உண்மை இல்லை. இப்போது எழுதுகிறேன்.

எனக்கு முன்பே தெரியும். கூண்டை நான் பார்க்கவில்லை, ஆனால் தெரியும். இரண்டாம் நாள் மத்தியானம் மெங்கான் என் கையைப் பிடித்தாள். "அக்கா, நேத்து கூவினது காட்டுப் பறவை இல்ல. நம்ம பறவைதான். குடிசையில இருக்கு. ரெண்டு நாளா நான் போகல, பசியில கத்துது. கொஞ்சம் போய்த் தண்ணி வச்சிட்டு வாங்க" என்றாள். "அடியே, அப்பவே சொல்லித் தொலைக்கக் கூடாதா?" என்றேன். "அவர் பேரு வெளிய வந்தா அப்பா அவரைச் சேத்துக்க மாட்டாரு. நான் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன். இன்னும் ஒரு நாள்தானே அக்கா, தாங்கிக்குவேன்" என்றாள். முகத்தில் அப்போதும் தெம்பு இருந்தது. இருந்த மாதிரிதான் எனக்குத் தெரிந்தது.

நான் எழுந்து கூடத்துக்குப் போனேன். மாமா அங்கேதான் இருந்தார். வாய் வரைக்கும் வந்தது. உன்னைக் கூட்டத்தில் நிறுத்துவார்கள், தண்டம் போடுவார்கள், அந்த வீட்டிலிருந்து உன்னைப் பிரித்துவிடுவார்கள் என்று நினைத்தேன். நாளைக்கு ஒரு நாள் கழிந்தால் எப்படியும் கிளம்பப் போகிறோமே என்று நினைத்தேன். பாக்கு வாங்க வந்தவள் மாதிரி ஒரு பாக்கை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். குடிசைக்கும் போகவில்லை. பயமாக இருந்தது.

ஒன்பதாம் தேதி விடிந்தபோது அவளைத் தூக்கும் நிலை இல்லை.

இப்போது இங்கே நடப்பது உனக்குத் தெரியாது. உன் கடிதத்தைக் கேட்ட அன்று தைரியமாகப் பேசினாரே மாமா, ஒரு வாரம்தான் அது நின்றது. வயலுக்குக் காடு வெட்டத் தொடங்கும் முன் பறவை கேட்க மூன்று விடியல் போய் நின்றார். திரும்பி வந்து, "எனக்கு ஒண்ணும் கேக்கல" என்றார். லகாட் கூடவே நின்றிருந்தான், காது கிழியக் கூவியதாம். ஊர் கத்தியைத் தீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. தலைவர் வேறு நீள்வீட்டிலிருந்து ஆளைக் கூப்பிடப் போகிறார். மாமா சரியாகச் சாப்பிடுவதில்லை. நேற்று என்னிடம், "ரெமி, அது வலப்பக்கமா இருந்திருக்குமோ?" என்று கேட்டார்.

நீ வந்து சொல்ல வேண்டும். பறவை பொய் சொல்லவில்லை, உங்கள் காதும் பொய் சொல்லவில்லை, திருட்டுத்தனம் எங்களுடையது என்று அவர் காலடியில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். நானும் பக்கத்தில் உட்காருகிறேன். அவருக்கு அவர் காதையாவது திருப்பிக் கொடுப்போம்.

வா.

ரெமி


சிபு
20 ஜூலை 1970

அக்கா,

இரண்டு தரம் லாஞ்சு ஏறினேன். ஒரு தரம் வழியில் கனோவிட்டில் இறங்கிவிட்டேன், ஒரு தரம் சோங்கில். கால் வரவில்லை. திட்டு, எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு ஊருக்கு வந்தேனே, அப்போது பிடித்தேன். ஓடைக்கரைப் புதரில் இருந்த ஆண் பறவை. நெண்டாக் தன் எல்லைக்குள் இன்னொரு ஆணைச் சகிக்காது. ஒரு கண்ணாடித் துண்டை வைத்தேன், சுற்றிலும் சுருக்கு. தன்னையே பார்த்துச் சண்டைக்குப் பறந்து வந்தது. அரை நாள்கூட ஆகவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை அக்கா.

தௌக்கேக்காகத்தான் பிடித்தேன். ஆலையில் குடும்பத்தோடு இருக்க நாலே அறைகள். அவருக்குப் பறவைப் பைத்தியம். நன்றாகப் பழகிய மேல் பாலே நெண்டாக் ஒன்றைக் கொடுத்தால் அறை கிடைக்கும் என்று நானே கணக்குப் போட்டேன். மெங்கானுக்கு ஆசை. "நீங்க பாட்டுக்கு வருசம் ஒரு தரம் வந்து பிள்ளையைக் குடுத்துட்டுப் போறீங்க, நான் என்ன கோழியா?" என்று சண்டை போட்டவள்தானே. கூண்டைப் பார்த்ததும் முதலில் அழுதாள், அப்புறம் அறை என்றதும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கவாய் அறுவடைத் திருநாளுக்கு வரும்போது எடுத்துக்கொண்டு போகிறேன், அதுவரை நீ பழக்கு என்றேன்.

அவள் நன்றாகப் பழக்கியிருந்தாள். ஏப்ரலில் ஜாரிட்டிடம் எழுதச் சொல்லி ஒரு துண்டுக் காகிதம் அனுப்பினாள். "என் குரலைக் கேட்டாலே பேசுகிறது" என்று இருந்தது. எதைப் பற்றி என்று ஜாரிட்டுக்குத் தெரியாது, பிள்ளை வயிற்றில் அசைவதைத்தான் சொல்கிறாள் என்று நினைத்திருக்கிறான்.

புரிகிறதா அக்கா? குடிசை ஆற்றை ஒட்டி இருக்கிறது. படகில் அவள் முனகினாள், லகாட்டைத் திட்டினாள். அந்தக் குரலைக் கேட்டுத்தான் அது கூவியது. அவளைத்தான் கூப்பிட்டது.

போன வாரம் தௌக்கே என்னைக் கூப்பிட்டார். "பொண்டாட்டி செத்துட்டாளாமே, பாவம். பையனைக் கூட்டிட்டு வந்துரு, மூணாம் நம்பர் காலியா இருக்கு" என்று சாவியை நீட்டினார். பறவை எதுவும் கேட்கவில்லை. பிப்ரவரியிலேயே வாயைத் திறந்து கேட்டிருந்தால் கொடுத்திருப்பார் போல. அந்த அறையில்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இரண்டு ஜன்னல் இருக்கிறது.

நீ சொல்லிவிடு. எல்லாவற்றையும் என் பெயர் போட்டே சொல். தண்டம் எதுவானாலும் கட்டுகிறேன். அவர் "வா" என்று ஒரு வார்த்தை சொன்னால் அன்றைக்கே கிளம்பி வருகிறேன், சத்தியமாக. அவர் சொல்லாமல் என்னால் அந்தப் படியில் ஏற முடியாது.

ஜெலியான்


நங்கா லெமாய்
30 ஆகஸ்ட் 1970

ஜெலியானுக்கு,

உன் கடிதம் வந்த மறுநாளே சொல்லிவிட்டேன். படித்துறையில் தனியாக உட்கார்ந்து பாக்கு நறுக்கிக்கொண்டிருந்தார். கூண்டு, கண்ணாடி, அறை, சத்தியம் எல்லாம் சொன்னேன். நான் பாக்கு வாங்கிக்கொண்டு திரும்பியதையும் சொன்னேன். அவர் முகம் தெளியும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நறுக்குவதை நிறுத்திவிட்டு, "உன்கிட்ட எப்பச் சொன்னா?" என்று கேட்டார்.

"ரெண்டாம் நாள் மத்தியானம், மாமா."

"அப்ப படகு துறையிலதான் கெடந்துச்சு."

அவ்வளவுதான் பேசினார். உன்னைத் திட்டவில்லை, என்னையும் திட்டவில்லை. அவர் ஒரு கட்டையால் என்னை அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் விடிந்ததும் லகாட்டைக் கூப்பிட்டுக்கொண்டு அந்தப் படகிலேயே கிளம்பினார். லகாட் வந்து சொன்னதைத்தான் எழுதுகிறேன். வளைவில் காட்டு நெண்டாக் ஒன்று நன்றாகவே கூவியதாம், இடக்கரையில்தான். லகாட் தன்னால் துடுப்பை நிறுத்தியிருக்கிறான். மாமா, "போடு" என்றாராம். வழியில் ஒரு இடத்தில்கூட ஒதுங்கவில்லை. வெயில் சாய்வதற்குள் கப்பிட் வந்துவிட்டது. ஆறு அமைதியாக இருந்ததாம், படகில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறவில்லையாம்.

நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் வாசலில் இருந்த தாதியிடம் கேட்டிருக்கிறார். "விடியக்காலை பிள்ளை பொறந்துச்சு. கொடி இறங்கல. இந்த நேரத்துக்கு இங்க கொண்டாந்தா என்ன பண்ணுவீங்க?"

அது சின்னப் பெண்ணாம், நம் ஆட்கள்தான். "கையை விட்டு எடுத்துருவோம் தாத்தா. அரை மணி நேர வேலை. போன வாரம்கூட ரெண்டு பேருக்கு எடுத்தோம்" என்றிருக்கிறாள். உடனே எழுந்து, "படகுலயா இருக்காங்க? தூக்க ஆள் அனுப்பட்டுமா?" என்று துறைப் பக்கம் நடக்கத் தொடங்கிவிட்டாள். மாமா அவளைக் கூப்பிட்டு நிறுத்தி, "இல்லம்மா, யாரும் இல்ல" என்றாராம்.

நாம் அவருக்குக் காதைத் திருப்பிக் கொடுக்கப் போவதாக நினைத்தோம் ஜெலியான். அவர் கையில் அந்த அஞ்சு உயிர் இருந்தது, அவள் நாள் முடிந்துவிட்டது என்ற பேச்சு இருந்தது. அதில் சந்தேகம்தான் வந்திருந்தது, போய்விடவில்லை. அதையும் நான்தான் பிடுங்கினேன், நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு.

கூட்டம் கூடியது. கூண்டில் அடைத்ததுதான் கொடியை அடைத்தது, குற்றம் ஜெலியானுடையது, தண்டம் கட்டித் தோஷம் கழித்து வீட்டைக் குளிர வைக்கட்டும் என்றார் தலைவர். எல்லோரும் ஆமாம் என்றார்கள். மாமா, "கூண்டு அடைச்சிருக்கலாம். படகைத் திருப்புனது இந்தக் கை" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். காடு வெட்டுவதற்காக, மேல் ஆற்றிலிருந்து வேறு ஒருவரை அழைத்து வந்து பறவை கேட்டார்கள். ஒரு மாதம் பிந்திவிட்டது, எரிப்பதற்குள் மழை வந்துவிடும் என்கிறார்கள்.

இப்போது மாமா பகல் முழுக்க வளைவில் பாறைமேல் உட்கார்ந்திருக்கிறார். படகு எது வந்தாலும், "நிக்காதீங்க, போங்க, போங்க" என்று கத்துகிறார். மீன் பிடிக்கப் போகிறவனிடமும் அதே கத்தல். சின்னப் பிள்ளைகள் அவர் மாதிரிக் கத்திக் காட்டிச் சிரிக்கிறார்கள். ஒரு காலத்தில் அவர் துடுப்பைத் தூக்கினால் இருபது படகு நிற்கும்.

நீ "வா" என்ற ஒரு வார்த்தையைக் கேட்டாய். பாறைக்குச் சோறு கொண்டுபோனபோது கேட்டேன். சோற்றைப் பக்கத்தில் நகர்த்தி வைத்தார். அப்புறம் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"வர வேண்டாம்னு எழுது. கோவத்துல சொல்லல. அவன் மூஞ்சியைப் பாத்தா எனக்கு அவன் மேல கோவம் வரும். கோவம் வந்தா என் பங்கு கொறைஞ்ச மாதிரி தெரியும். எனக்குக் கொறைய வேண்டாம்."

நான், "பிள்ளை இருக்கானே மாமா, அப்பன் முகம் தெரிய வேண்டாமா?" என்று கேட்டேன். கீழே ஒரு படகு வந்தது, எழுந்து நின்று கத்தத் தொடங்கிவிட்டார்.

பையன் குப்புறக் கவிழக் கற்றுக்கொண்டான். எண்டியா தன் பிள்ளையைப் போலத்தான் பார்த்துக்கொள்கிறாள். நீ வராதே.

ரெமி